பெப்ரவரியில் நின்றுபோன தண்ணீர்

வாசகர் கடிதம்:

ஐயா, கனடாவில் டொரொன்டோ நகரின் ஸ்காபரோவில் 19 ஆண்டுகள் இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் லின்ட்சேக்கு வடக்கே ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்தோம். நகரசபைத் தண்ணீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணறும் செப்டிக் என்ற கழிவுநீர்த் தொட்டியும்தான். கிணறு வீட்டிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. முதல் குளிர்காலம் ஒரு குறையும் இல்லாமல் போனது. கடந்த பெப்ரவரி கடைசியில், வெளியில் குளிர் தணிந்து கூரைப் பனி சொட்டத் தொடங்கிய ஒரு காலையில், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மூன்று நாள் கடைத் தண்ணீரில் சமாளித்தோம். பிறகு ஒருவர் சுடுநீர் பாய்ச்சும் இயந்திரத்தோடு வந்து உருக்கிக் கொடுத்தார். வீட்டுச் சுவரிலிருந்து 11 மீட்டர் தாண்டித்தான் பனிக்கட்டி அடைத்திருந்தது என்றார். அந்த ஆண்டு செலவுக்கு மேல் செலவு. மகன் கார் வாங்கியதால் முற்றத்தில் இன்னொரு கார் நிறுத்த இடம் எடுத்து, பனி தள்ளும் இயந்திரமும் வாங்கியிருந்தோம்; அதோடு இதுவும் சேர்ந்தது.

கிணற்றை ஆழமாக்க வேண்டும் என்கிறார் ஒருவர். அடுத்த வீட்டுக்காரர், இனி உறைந்தால் தன் வெல்டிங் மெஷினால் ஒரு மணி நேரத்தில் உருக்கித் தருகிறேன் என்கிறார். என் மாமா, கிணற்று மூடியைச் சுற்றி வைக்கோலும் போர்வையும் கட்டிப் பிளாஸ்டிக்கால் மூடச் சொல்கிறார். பம்புக்குரிய டேங்க் எல்லாம் வீட்டுக்கடியில் தவழ்ந்து போகும் இடைவெளியில் இருக்கின்றன. டிசம்பர் நடுவிலிருந்து ஐந்து வாரம் யாழ்ப்பாணம் போக டிக்கெட் எடுத்துவிட்டோம். தம்பி ஒஷாவாவில் இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதுவும் செலவைப் பற்றிப் புலம்பிய வரியில். அங்கே வருவதற்கு முன் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கிணறு என்றால் எட்டிப் பார்க்கலாம். துலாவால் அள்ளிய காலத்திலும் சரி, மோட்டார் பூட்டிய பிறகும் சரி, தண்ணீர் கண்முன்னே கிடந்தது. அங்கே நாம் பயந்தது உவருக்குத்தான். அளவுக்கு மேல் இறைத்தால் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நன்னீர் குறைந்து, கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஏறிவிடும். குளிர் கிணற்றை என்ன செய்யும் என்று யோசிக்க நமக்குத் தேவையே வரவில்லை. இங்கே கிணறு ஆறு அங்குல இரும்புக் குழாயாக நிலத்திலிருந்து முளைத்து நிற்கிறது. மூடியைத் திறந்தாலும் இருட்டுத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பிழை இருக்கிறது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. நான் இங்கே பம்பு வேலைக்கு வந்த முதல் ஆண்டு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உங்கள் கிணற்றுக்குள் இருந்த தண்ணீர் உறையவில்லை. தென் ஒன்டாரியோவில் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் 8 முதல் 10 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வெளியில் மைனஸ் 25 என்று வானொலி சொல்லும் காலையிலும் அடியிலிருந்து வரும் தண்ணீருக்கு அதே சூடுதான். ஆகவே ஆழமாக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். ஆழமாக்குவது தண்ணீர் போதாத கிணற்றுக்கான வைத்தியம். உங்களுக்கு வந்தது வேறு நோய்.

கிணற்றிலிருந்து சமையலறைக் குழாய்வரை தண்ணீர் வரும் வழியை ஒருமுறை மனதுக்குள் நடந்து பாருங்கள். கிணற்றின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பம்பு தண்ணீரை மேலே தள்ளுகிறது. நிலமட்டம்வரை வராமல், குளிர் இறங்காத ஆழத்திலேயே கேசிங்கின், அதாவது கிணற்றின் அந்த இரும்புக் குழாயின், பக்கவாட்டில் ஓர் இணைப்பு இருக்கிறது. பிட்லெஸ் அடாப்டர் என்பார்கள். அதன் வழியாகத் தண்ணீர் வெளியே வந்து, புதைத்த கறுப்பு பிளாஸ்டிக் பைப்பில் வீட்டை நோக்கி ஓடுகிறது. சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து, அமுக்கத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சையும், அமுக்கத்தோடு தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பிரஷர் டேங்க்கையும் தொட்டுவிட்டுப் பிறகுதான் வீட்டுக்குள் பிரிகிறது. இந்த வழியில் மூன்று இடங்களைத்தான் நான் எப்போதும் சந்தேகிப்பேன்: புதைத்த பைப், அது சுவருக்குள் நுழையும் இடம், டேங்க் அருகே உள்ள சிறு குழல்கள். அடியில் இருக்கும் பம்பின் மேல் கடைசியாகத்தான் சந்தேகம் வரும்.

வந்தவர் 11 மீட்டர் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த ஒரு சொல்லுக்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும். சுவரிலிருந்து 11 மீட்டர் என்றால் முற்றத்தின் நடு. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து கிணற்றை நோக்கி நடந்து பாருங்கள். மகனின் காருக்காகப் புதிதாக எடுத்த இடத்தில் கால் நிற்கும் என்று நினைக்கிறேன்.

மேலே தளர்வாகக் கிடக்கும் பனி நிலத்துக்குப் போர்வை. அதன் துகள்களுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முழங்கால் உயரப் பனி கிடக்கும் புல்தரைக்குக் கீழே குளிர் அதிக ஆழம் இறங்காது. அதே முற்றத்தில் பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்த இடத்தில், கார் ஏறி இறங்கி இறுகிய மண்ணில், குளிர் தடையில்லாமல் இறங்கும். தென் ஒன்டாரியோவில் குளிர் எட்டாதபடி வீட்டு அத்திவாரத்தை ஏறக்குறைய 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி, ஆழத்தில் வைப்பது வழக்கம். வடக்கே போகப்போக அது கூடும். பழைய வீடுகளில் பைப்பை அந்த ஆழத்துக்கு ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ புதைத்திருப்பார்கள். புல்லுக்குக் கீழே இருந்தவரை அது தப்பிவந்தது. முதல் குளிர்காலம் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆண்டு அங்கே பனி கிடந்தது. அடுத்த ஆண்டு புது இயந்திரத்தால் ஆசையோடு தள்ளிவிட்டீர்கள்.

குளிர் தணிந்த பிறகு ஏன் நின்றது என்பதும் இதனால்தான். மண்ணுக்குள் குளிர் மெல்லத்தான் நடக்கும். ஜனவரியில் காற்றில் இருந்த குளிர், நான்கு அடி ஆழத்தை எட்ட வாரக்கணக்காகும். மேலே கூரை சொட்டும்போதும் கீழே உறைநிலை, அதாவது மண் உறைந்திருக்கும் எல்லை, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். புதைத்த பைப் உறைந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான் வரும். 'இனிக் குளிர் போய்விட்டது' என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரம் அது. அப்படி உறைந்தது தானாக இளக ஏப்ரல்கூட ஆகலாம். நீங்கள் மூன்று நாளில் மீண்டது அதிர்ஷ்டம்.

ஆகவே இந்த ஆண்டு முதல் வேலை: பைப் போகும் கோட்டை முளைக்குச்சி அடித்துக் குறித்து, அதன் இரு பக்கமும் இரண்டு மீட்டர் அகலத்தில் பனியைத் தொடாமல் விடுங்கள். வேறிடத்தில் தள்ளிய பனியை அங்கே கொண்டுவந்து கொட்டினாலும் நல்லது. ஆனால் கார் ஏறி இறுக்கக் கூடாது. காசு செலவில்லாத வைத்தியம் இது.

நிரந்தரமாக அந்த இடத்தில் கார் நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், நிலம் இறுகுவதற்கு முன் ஒரு நாள் வேலை இருக்கிறது. பைப்பையே கிளறி எடுத்து ஆழமாக்கத் தேவையில்லை. பைப்புக்கு மேலே, ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்தில், மண்ணுக்கடியில் போடுவதற்கென்றே செய்த கடினமான நுரைப்பலகையைப் படுக்கையாக விரித்து மூடிவிடலாம். கட்டடப் பொருள் கடையில் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ அடுக்கியிருக்குமே, அதுதான். 5 சென்டிமீட்டர் தடிப்பும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும். மேலே கார் நிற்கும் என்று சொல்லிப் பாரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பலகை சூடு தராது. கீழிருந்து வரும் பூமியின் சூடு மேலே தப்பிப் போகாமல் தடுக்கும், அது போதும். கார் நிற்கும் இடத்தின் ஓரத்தோடு நிறுத்திவிடாமல் இரு முனையிலும் ஒரு மீட்டர் தாண்டிப் போடுங்கள். ஓரத்தோடு நிறுத்தினால் பலகை முடியும் அந்த விளிம்பில்தான் அடுத்த ஆண்டு உறையும்.

தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவிக்க வேண்டும். அது சட்டம்; கட்டணம் இல்லை. அவர்கள் மூலம் எரிவாயு, மின்சாரம், தொலைபேசி ஆகியவற்றின் பொதுக் குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று குறித்துத் தருவார்கள். உங்கள் கிணற்று பம்புக்குப் போகும் மின்கம்பியைக் குறிக்க மாட்டார்கள். அது உங்கள் சொந்தக் கம்பி. பெரும்பாலும் தண்ணீர்ப் பைப் போகும் அதே அகழியில்தான் படுத்திருக்கும். ஆகவே பம்பின் பிரேக்கரை, அதாவது அதற்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்துவிட்டு, கடைசி ஓர் அடியைக் கை மண்வெட்டியால் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் வாளி கம்பியை அறுத்த வீட்டுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் தோண்டியவர், 'இங்கே கம்பி இருக்காது' என்று உறுதியாகச் சொல்லியிருந்தாராம்.

பைப்புக்குள்ளேயே செலுத்தும் வெப்பக் கம்பியும் இருக்கிறது. குடிதண்ணீருக்கு ஏற்றது என்று சான்று பெற்ற வகையாக இருக்க வேண்டும். பாறை மேலே இருப்பதால் தோண்டவே முடியாத இடங்களுக்கு அது அருமையான வழி. உங்கள் முற்றம் மண்தரை என்றால் நான் பலகையைத்தான் சொல்வேன். பலகைக்கு மின்சாரக் கட்டணம் வராது. மின்சாரம் போனால் அது வேலை நிறுத்தமும் செய்யாது.

பைப்புக்கு என்ன நடக்கிறது என்பதை அறிய ஒரு எளிய வழி சொல்கிறேன். ஜனவரியில் பயணம் முடிந்து திரும்பியதும் வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் யாரும் குளிப்பதற்கு முன், பிரஷர் டேங்க்கின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு வாளிக்குள் விடுங்கள். முதலில் வருவது டேங்க்கில் இரவு முழுவதும் கிடந்த தண்ணீர். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'டக்' என்று சுவிட்ச் அடித்துப் பம்பு ஓடத் தொடங்கிய பிறகு வருவதுதான் மண்ணுக்கடியில் இரவு தங்கிய தண்ணீர். அதைக் கோப்பையில் பிடித்துச் சமையலறை வெப்பமானியை விடுங்கள். வாரா வாரம் குறைந்துகொண்டே போய் 4 பாகைக்குக் கீழே வந்தால் உறைநிலை பைப்பை நெருங்குகிறது என்று பொருள். எழுதி வையுங்கள். இரண்டு குளிர்காலம் எழுதினால் என்னைப் போன்றவரைக் கேட்காமலே உங்கள் முற்றத்தை நீங்கள் அறிவீர்கள்.

4 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் தண்ணீரை ஓடவிட வேண்டும். ஸ்காபரோவில் குழாயைச் சொட்டவிடச் சொல்லிப் பழகியிருப்பீர்கள். இங்கே சொட்டவிடாதீர்கள். நூல்போல் வடியும் தண்ணீர், செப்டிக் டேங்க்குக்குப் போகும் கழிவுப் பைப்பில் படிப்படியாக உறைந்து அதையே அடைத்துவிடும். ஒரு அடைப்பைத் தவிர்க்கப் போய் அதைவிட நாற்றமடிக்கும் இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள். அதற்குப் பதில், படுக்கப் போகும்முன்பும் விடிந்ததும் பத்துப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிடுங்கள். துணி துவைப்பதையும் குளிப்பதையும் அந்த நேரங்களுக்கு மாற்றினால் தண்ணீரும் வீணாகாது.

இனி வீட்டுக்கடியில் உள்ள இடைவெளி. இந்த முறை அங்கே பிழை இல்லை. ஆனால் அடுத்த பிழை அங்கேதான் காத்திருக்கிறது. பிரஷர் சுவிட்ச் கால் அங்குலக் குழலின் மேல் உட்கார்ந்திருக்கும். சுண்டுவிரலுக்கும் மெலிந்த அந்தக் குழலில் தண்ணீர் ஓடாது; சும்மா நிற்கும். வீட்டிலேயே முதலில் உறைவது அதுதான். அது உறைந்தால் சுவிட்சுக்குக் கண் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். அமுக்கம் குறைந்ததைக் காணாமல் பம்பை ஓட்டாமல் இருக்கும்; அல்லது அமுக்கம் நிறைந்ததைக் காணாமல் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஆபத்தானது. அதற்காகத்தான் அமுக்கம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு ஒன்று டேங்க் அருகே இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பேன். இல்லையென்றால் பூட்டிவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய பம்பு ஒரு சிறு மரக் கொட்டிலுக்குள் இருந்தது. முப்பது ஆண்டு உறையாத கொட்டில் அந்த ஆண்டு உறைந்துவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, சுவரில் கட்டிய பஞ்சும் அப்படியே இருந்தது. கடைசியில் மேலே பார்த்தால் வெள்ளை வெளிச்சத்தோடு எல்இடி விளக்கு. முன்பு இருந்த 100 வாட் குண்டு பல்பு முப்பது ஆண்டும் தன் சூட்டால் கொட்டிலைக் காத்திருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மகன் பல்பை மாற்றிக் கொடுத்திருக்கிறான். பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பஞ்சுக்கும் மரத்துக்கும் பக்கத்தில் சூடான விளக்கு எரிவது தீவிபத்துக்கு அழைப்பு. உங்கள் இடைவெளியில் முதலில் காற்றோட்டத் துவாரங்களையும் சுவரோர வெடிப்புகளையும் அடையுங்கள். நகரும் குளிர்காற்று நிற்கும் குளிரைவிடப் பொல்லாதது. பிறகு பைப் உள்ளே நுழையும் முதல் இரண்டு மீட்டருக்கும் அந்தக் கால் அங்குலக் குழலுக்கும், குளிருக்கேற்பத் தானே கூடிக் குறையும் வகை வெப்பக் கம்பியைச் சுற்றுங்கள். சான்று முத்திரை உள்ளதாகப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி சுற்றாதீர்கள். கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பிளக்கில் செருகுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டாம். கம்பியில்லா வெப்பமானி ஒன்றை அங்கே வைத்து, அதன் எண் மேலே சமையலறையில் தெரியும்படி செய்துவிட்டால் குளிர்காலத்தில் தவழ்ந்து போகும் வேலை மிச்சம். 5 பாகைக்குக் கீழே அது போகக் கூடாது.

உங்கள் மாமாவின் வைக்கோலுக்கு வருகிறேன். அவர் சொல்வது தோட்டத்துப் பழமரங்களுக்கு நல்ல யோசனை. கிணற்று மூடிக்கு அடியில் காற்றுப் போகும் துவாரம் ஒன்று உண்டு. பம்பு இறைக்கும்போது நீர்மட்டம் இறங்கும். அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினால் அந்த மூச்சு அடைபடும். வைக்கோலுக்குள் எலி குடிவரும்; எலி வந்த இடத்தில் மூடியின் வலையும் வயரும் தப்பாது. கேசிங் உறைந்தாலும் அதற்குள் அந்த உயரத்தில் தண்ணீர் இல்லை. அதை அப்படியே விடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பக்கத்தில் ஆளுயரக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். ஒன்டாரியோவின் 903ஆம் ஒழுங்குவிதிப்படி புதுக் கிணறுகளின் கேசிங் நிலத்துக்கு மேல் குறைந்தது 40 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அது பனியில் மறைந்துபோகும் உயரம்தான். பனி தள்ளும் வாகனம் இடித்துக் கேசிங் வெடித்தால், உறைந்த பைப்பெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். பனி உருகும் தண்ணீரும் வீதி உப்பும் அந்த வெடிப்பின் வழியாக நேரே குடிதண்ணீருக்குள் இறங்கும்.

வெல்டிங் மெஷின் வேண்டவே வேண்டாம். உலோகப் பைப்பில் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடேற்றும் பழைய முறை அது. உங்களுடைய புதைத்த பைப் பிளாஸ்டிக். அதில் மின்சாரம் ஓடாது. ஓடக்கூடிய உலோகத்தைத் தேடிக்கொண்டு வீட்டு வயரிங்கின் புவித்தொடுப்பு வழியாகப் போய் வீட்டையே எரித்த சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு. அடுத்த வீட்டுக்காரரின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லி, ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மறுபடி தண்ணீர் நின்றால், உறைந்துவிட்டது என்று முடிவுகட்டும்முன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேங்க் அருகே உள்ள அமுக்க மானியைப் பாருங்கள். முள் 40, 50 பிஎஸ்ஐ என்று வழக்கம்போல் நின்று, குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் அடைப்பு டேங்க்குக்கும் குழாய்க்கும் இடையில், வீட்டுக்குள்தான். முள் பூச்சியத்தில் கிடந்தால் அடைப்போ பழுதோ டேங்க்குக்கு முன்னால் இருக்கிறது. எதுவானாலும் பம்பின் பிரேக்கரை உடனே அணையுங்கள். அடைபட்ட பைப்பை எதிர்த்துப் பம்பு ஓடக் கூடாது. குழாயைத் திறந்து வையுங்கள். கைக்கு எட்டும் பைப் என்றால் குழாய்ப் பக்கமிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். நெருப்பு விளக்கு எடுக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். செப்புப் பைப்பும் இணைப்புகளும் வெடிக்கும். வெடித்தது உறைந்திருக்கும்வரை தெரியாது. இளகும்போதுதான் பீச்சும். ஆகவே இளகும் நேரத்தில் ஒருவர் கீழே விளக்கோடு நிற்க வேண்டும். புதைத்த பைப் என்றால் சுடுநீர் இயந்திரக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

யாழ்ப்பாணப் பயணம். ஐந்து வாரம் வீடு பூட்டியிருக்கும் என்றால், புறப்படும் முன் காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வெளியே இருந்தால், யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும், இல்லையேல் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் இல்லை என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். உங்களுடையதில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம். முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒஷாவாவிலிருந்து தம்பி தினமும் வருவது நடக்காது. ஆகவே வடித்துவிடுங்கள். பம்பின் பிரேக்கரை அணையுங்கள். தண்ணீர் சூடாக்கும் கொதிகலனை முதலில் அணைத்து ஆறவிட்டு, பிறகு வடியுங்கள்; தண்ணீரில்லாமல் மின்சாரத்தில் ஓடினால் அதன் கம்பி எரிந்துபோகும். மேல் குழாய்களையெல்லாம் திறந்து, தாழ்ந்த வடிகுழாய் வழியாக டேங்க்கையும் காலிசெய்யுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவி, வடிகட்டி, புறஊதா விளக்கு இருந்தால் அவற்றையும் மறக்காதீர்கள். புறஊதா விளக்கின் கண்ணாடி உறை ஒரு இரவில் வெடித்துவிடும். கழிப்பறைக் கிண்ணத்திலும் தொட்டிகளின் வடிகால் வளைவிலும் உறைதடுப்பு நீர் ஊற்றுங்கள். குளிர்கால வீடுகளுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு நிற, நஞ்சற்ற வகைதான் வேண்டும். காரில் ஊற்றுவது கடும் நஞ்சு. அதைத் தண்ணீர்ப் பாதைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். வீட்டுச் சூட்டை 15 பாகையில் விட்டுச் செல்லுங்கள். புரொப்பேன் வீடு என்றால் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போங்கள். பாதியில் தீர்ந்துபோன வீட்டைப் பார்த்திருக்கிறேன். தரையெல்லாம் கண்ணாடிபோல் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் முற்றத்துப் பைப்பில் தண்ணீர் நிற்கும். ஐந்து வாரமும் அது அசையாது. டிசம்பரும் ஜனவரி நடுவும் உறைநிலை இன்னும் மேலே இருக்கும் காலம் என்பதால், பனிப் போர்வையைத் தொடாமல் விட்டால் தப்பும். தம்பி வாரம் ஒருமுறை வரும்போது செய்ய வேண்டியதெல்லாம் வீட்டுச் சூட்டையும் கீழே உள்ள வெப்பமானியையும் பார்ப்பது, அந்தக் கோட்டுக்கு மேல் காரை நிறுத்தாமல் இருப்பது, இரண்டும்தான்.

மின்சாரம் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். 2013 டிசம்பரில் பனிக்கட்டி மழை பெய்தபோது ஸ்காபரோவில் இருந்திருப்பீர்கள். வீடு இருண்டாலும் குழாயில் தண்ணீர் வந்தது. இங்கே மின்சாரம் போனால் பம்பும் போகும். 2025 மார்ச் கடைசியில் ஒரிலியாவிலும் பீட்டர்பரோவிலும் பனிக்கட்டி மழையால் நாள்கணக்காக இருட்டில் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரிதாகத் தெரியும் உங்கள் டேங்க்கில் எடுக்கக்கூடிய தண்ணீர் இருபது லீட்டர் அளவில்தான் இருக்கும், மற்றதெல்லாம் காற்று. புயல் எச்சரிக்கை வந்ததும் குடிக்கப் போத்தல்களையும், கழிப்பறைக்குக் குளியல் தொட்டியையும் நிரப்புங்கள். ஜெனரேட்டர் வாங்குவதானால், மூழ்கிய பம்புகள் பெரும்பாலும் 240 வோல்ட்டில் ஓடுபவை என்பதையும், ஓடத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

பனி உருகிய பிறகு ஏப்ரலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தில் போத்தல் தருவார்கள். தனியார் கிணற்றுத் தண்ணீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் சோதனைக்குக் கட்டணம் இல்லை. பிடித்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் இந்த மாதமே செய்ய வேண்டியவை இரண்டு: அளவு நாடாவோடு அந்த 11 மீட்டரைக் கண்டுபிடிப்பது, பலகை போடுவதா என்று முடிவு செய்வது. பலகை இந்த ஆண்டு முடியாது என்றால் மகனை அழைத்து முளைக்குச்சிகளைக் காட்டுங்கள். ஏப்ரல்வரை அவருடைய கார் வீதிப்பக்கம் நிற்கட்டும்.